மலையில் நான் போட்ட போர்வெல்

ஃபிளெக்ஸில் எனக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். நான் என் வாழ்க்கையில் கோட்டு போட்டதே இல்லை. கழுத்துக்கு மேலே என் முகம், கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, கையில் ரிப்பன் கட்டிய சுருள், தலையில் குஞ்சம் தொங்கும் தட்டைத் தொப்பி. வடக்கனந்தல் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில், இரண்டு சவுக்குக் கழிகளில் இழுத்துக் கட்டியிருந்தது. ‘ஹானர்ஸ் படிப்பில் இடம் பிடித்து ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் தங்கமே’ என்று மஞ்சளில் கொட்டை எழுத்து. கீழே வாழ்த்துவோர் வரிசையில் அப்பா, சித்தப்பா, மீசையை முறுக்கிக்கொண்டு தாய்மாமன், அவருக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டபடி மாமன் மகன்.

இதில் கூத்து என்னவென்றால், நான் இன்னும் எதிலும் சேர்ந்திருக்கவில்லை. சேரலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லத்தான் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? பிள்ளை பிறப்பதற்கு முன்பே காது குத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள். நோட்டீஸ் போர்டில் என் பேர் வந்ததை நான் வாய் தவறி வீட்டில் சொன்ன மறுநாள் காலையில் கழி நட்டாகிவிட்டது.

கல்லூரி கள்ளக்குறிச்சியில். அதன் பேரைச் சொல்ல மாட்டேன், சொல்கிற அளவுக்கு அதன் மேல் எனக்கு மரியாதை இல்லை. நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிற சமயம். புதிதாக ஹானர்ஸ் என்று ஒன்றைத் தொடங்கி, பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம். ஹானர்ஸ்காரர்களுக்கு நான்கு வருடம், நான்காவது வருடம் முழுக்க ஆராய்ச்சி. சேர்வதாக இருந்தால் அப்பாவின் கையெழுத்தோடு சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வு செய்து பழகிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள்.

எனக்கு ஆராய்ச்சியும் வேண்டாம், ஊர்ப் பெருமையும் வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த நான்காவது வருடம். எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது: டிகிரி முடிகிறவரைக்கும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை, முடிந்த கையோடு மாமன் மகன். அவன் மோசமானவன் இல்லை. டிராக்டர் வைத்திருந்தான், குடிக்க மாட்டான், என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அப்போது எவனும் வேண்டாம். ஒரு வருடம் கூடக் கிடைத்தால் அதற்குள் எங்காவது வெளியூரில் எம்.எஸ்சி.க்கு இடம் வாங்கிவிடலாம், இடம் வாங்கிவிட்டால் அப்பாவை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதனால் ஃபிளெக்ஸைப் பார்த்து உள்ளுக்குள் கொதித்தாலும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹானர்ஸ் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி, சுழல் நாற்காலி, ஓரத்தில் தண்ணீர் கேன். கேன் மேல் ‘ஹானர்ஸ் மாணவர்களுக்கு மட்டும்’ என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய சீட்டு. மற்றப் பிள்ளைகளுக்கு மாடிப்படிக்குக் கீழே சிமெண்டுத் தொட்டி. அதில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். வகுப்பில் பாசியைப் பற்றி ஒரு தாள் முழுக்கப் படித்துவிட்டு, வெளியே வந்து அதையே குடித்தோம். பன்னிரண்டு பேருக்கு மட்டும் அதிலிருந்து விடுதலை கிடைத்தது.

என் பெஞ்சில் இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர், இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். செய்முறை வகுப்பில் பிளேடை வைத்துத் தண்டை அவள் சீவுகிற மெல்லிசுக்கு எங்களில் யாருக்கும் கை வராது. என்னுடைய துண்டு தோசை மாதிரி தடியாக இருக்கும், அவள் துண்டைத்தான் நான் திருடி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். மார்க்கும் என்னைவிட ஜாஸ்தி. பன்னிரண்டு பேரில் அவள் பேர் இல்லை. ஹானர்ஸுக்குப் பொறுப்பாக இருந்த சாரிடம் கேட்டேன்.

“அந்தப் பொண்ணுக்குக் கம்யூனிகேஷன் பத்தாதும்மா,” என்றார்.

ஒருநாள் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்தவள் ஒருத்தி எழுந்திருக்கக்கூட இல்லை, நாற்காலியைச் சுழற்றி, கேன் மேல் ஒட்டியிருந்த சீட்டை விரலால் காட்டினாள். நானும் உள்ளேதான் இருந்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால் நான் பெரிய யோக்கியக்காரி மாதிரி ஆகிவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வகுப்பில் பார்த்தபோது அவள் கோபப்படவில்லை.

“இன்னாடி, உள்ள நல்லா ஜில்லுனு கீதா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வுக்குச் சார் வைத்த தலைப்பு, கல்வராயன் மலையில் சிறுதானியச் சாகுபடி பற்றிய விழிப்புணர்வு. விழிப்புணர்வு! இந்த ஒரு வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ தெரியாது. நகத்தில் அழுக்குப் படாதவன் எல்லாம் அடுத்தவனுக்கு இல்லை என்று சொல்ல வசதியாக ஒரு வார்த்தை. ஆளுக்கு இருபது படிவம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு நிரப்ப வேண்டும். யார் யார் வீடு என்று பட்டியல் வேண்டுமே? கம்யூனிகேஷன் பத்தாத அந்தப் பெண்ணைத்தான் சார் கூப்பிட்டனுப்பினார். அவள் தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பயிர் வைக்கிறவர்களின் பேர், தகப்பனார் பேர், எந்தப் பாதையில் போனால் யார் வீடு வரும் என்பது வரைக்கும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை காலேஜிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வெள்ளிமலைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று வீட்டுக்குப் போனும் போட்டுச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலேஜ் பஸ்ஸில் புறப்பட்டோம். மலைக்குப் போகிற பாதை எங்கள் ஊர் வழியாகத்தான். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் ஒரே விசில். சார் வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னை அதற்குக் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். மேலே கோட்டு போட்ட நான், கீழே சுடிதார் போட்ட நான். டீக்கடையில் இருந்த எங்கள் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

கோமுகி அணை தாண்டி மலை ஏறும்போது வளைவுக்கு ஒருவராக வாந்தி எடுத்தார்கள். வெள்ளிமலையில் இறங்கியபோது பத்து மணி. அவள் ஊருக்குப் போக ஜீப்பில் கொஞ்ச தூரம், அப்புறம் நடை. சார் மேலே வெயிலைப் பார்த்தார், கீழே ஒரு பெண்ணின் வெள்ளை ஷூவைப் பார்த்தார்.

“இங்கியே டீக்கடையில குந்தி ஃபில் பண்ணிடுங்க. எத்தினி வூட்டுக்குப் போனாலும் ஒரே பதில்தான் வரப்போவுது,” என்றார்.

யாரும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், யாருக்கும் அது புதிதாகவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய கைகள். நீலப் பேனாவில் நாலு, கறுப்புப் பேனாவில் நாலு, இடது கையால் ரெண்டு. ஒருத்தன் பையிலிருந்து ஸ்டாம்ப் பேடு எடுத்தான். கைநாட்டுக்கு உன் கட்டைவிரலைக் கொடு, என் கட்டைவிரலைத் தருகிறேன் என்று மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டார்கள். ஒருத்தி கால் கட்டைவிரலை வைத்தாள், அதற்குச் சிரிப்பு. டீயும் பஜ்ஜியும் வந்துகொண்டே இருந்தன. தூ!

துப்புகிறேனே தவிர, அங்கே எல்லோரையும்விட வேகமாக எழுதியவள் நான்தான். மற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று டிக் அடித்துக்கொண்டிருந்தபோது நான் கதையே எழுதினேன். விவசாய வீட்டுப் பெண்ணுக்கு விவசாயியைப் பற்றி எழுதவா தெரியாது? பட்டியலில் முதல் பேருக்கு, நிலம் இரண்டு ஏக்கர், பாசன வசதி போர்வெல், ஐந்து குதிரைத்திறன் மோட்டார், போன கோடையில் அதன் காயில் கம்பி எரிந்துபோனது, டிரான்ஸ்ஃபார்மர் பழுதானதால் கரும்பு காய்ந்தது, அதனால் மரவள்ளிக்கு மாறினார் என்று வரிசையாக எழுதினேன். சாமையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு, விழிப்புணர்வு இல்லை. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

பெஞ்சின் கோடியில் ஒரு ஆள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டில் சுற்றிய ஒரு கட்டு. டீ கூட வாங்கவில்லை. ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

“இன்னா பாப்பா, பரிச்ச எழுதறீங்களா?”

“இல்லீங்க.”

“காலேஜ்லேர்ந்து ஆளுங்க வராங்கன்னு எம்பொண்ணு சொல்லிச்சி. காலையில ஆறு மணிக்கே வந்து குந்திக்கினு கீறேன். அவங்க எப்ப வருவாங்க, உங்களுக்குத் தெரியுமா?”

அவர் தன் பேரைச் சொன்னார். என் கையில் இருந்த படிவத்தின் மேலே அந்தப் பேர்தான் இருந்தது. அவர் எங்கள் பெஞ்சுக்காரியின் அப்பா என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளை இரண்டு வருடமாக இனிஷியலோடு கூப்பிட்டிருக்கிறேன், அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற பேர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

“நாங்கதாங்க அது,” என்றேன்.

“அப்ப எதுவும் கேக்கலியே?”

நான் பதில் சொல்வதற்குள் சார் வந்துவிட்டார். “பெரியவரே, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“இன்னாத்துக்குங்க?”

“உங்க நல்லதுக்குத்தான். கவர்மெண்டுக்குப் போவுது.”

“ரோடு வருங்களா?”

“எல்லாம் வரும்.”

அவர் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, என் போர்வெல்லுக்கும் என் மோட்டாருக்கும் கீழே தன் பேரை எழுதினார். அப்புறம் துண்டைப் பிரித்தார். சாமைக் கதிர், தினைக் கதிர், கேழ்வரகு, நடுவில் காய்ந்த துவரைக் கொத்து, எல்லாம் சேர்த்துக் கட்டிய கட்டு. கேட்பார்கள், காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார். சார் அதை அவர் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்ததும் கட்டை வாங்கி, டிஸ்பிளேக்கு ஆகும் என்று ஒரு பையனிடம் கொடுத்தார்.

“அது வெதைக்கு வெச்சதுங்க,” என்றார் அவர்.

“குடுத்தனுப்பறோம், குடுத்தனுப்பறோம்.”

ஜீப் ஹாரன் அடித்தது. ஒரு நாள் வேலை கெட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஓடிப்போய் ஏறினார். எங்கள் பஸ் இறங்கும்போது பின்சீட்டில் பாட்டுப் பாடினார்கள். நான் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். வளைவுகளால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை ஹானர்ஸ் அறையில் ஆளுயரப் போஸ்டர். நடுவில் அவருடைய போட்டோ, பக்கத்தில் என் படிவம் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. மற்ற படிவங்களைவிட என்னுடையதில்தான் உயிர் இருக்கிறது என்று சார் பாராட்டினார். விதைக்கதிர்க் கட்டை ஒரு பூச்சாடியில் சொருகி ஏசிக்குக் கீழே வைத்திருந்தார்கள். கதிர் உதிர்ந்து மேசையெல்லாம் சாமை. பெருக்குகிற அம்மா அதைக் குப்பையோடு சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் வந்தாள். கதவைத் தட்டவில்லை. நேராகப் போஸ்டருக்கு முன்னால் போய் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். கீழே இருந்த கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“எங்க கொல்லையில போர் கீதா?”

நான் மேசையில் கிடந்த சாமையை உள்ளங்கையில் வழித்துச் சேர்த்தேன்.

“எங்கடி கீது, காட்டேன். நான் போயி ஆசை தீரக் குளிக்கிறேன். மோட்டாரு வேற! ஏய், எங்க வூட்டுக்குக் கரண்டு வந்தே கொஞ்ச நாளுதாண்டி ஆவுது.”

சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலைச் சரிவில் மழையை நம்பி விதைக்கிற மனுஷனுக்கு நான் என் அப்பாவின் கொல்லையை எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் வடக்கனந்தலில் விவசாயி என்றால் போர், மோட்டார், ஷெட்டு. வேறு மாதிரி ஒரு விவசாயி இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கைக்கெட்டும் தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறியது. “எங்கப்பனுக்கு விழிப்புணர்வு இல்லன்னு எழுதிக்கீற. ஆறு மணிக்கு வந்து குந்திக்கினு இருந்தாருடி.”

ஜாடியிலிருந்த கட்டை எடுக்கப் போனாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்கதான எடுத்துக்கினு வந்தீங்க? நீயே போயிக் குடு,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவளோடு போனேன். மடியில் கதிர்க்கட்டு, பையில் நிரப்பாத ஒரு படிவம். ஜீப்பில் நின்றுகொண்டே போய், அப்புறம் கல்லும் முள்ளுமாக ஏறி இறங்கி, அவர்கள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் செருப்பு அறுந்திருந்தது. அவர் புதர் வெட்டிக் காட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை.

“மறுபடியுமா?” என்றார். கட்டை வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “பாதிதான் கீது.”

வேலையை நிறுத்த மாட்டேன், கேட்பதைக் கேள் என்றார். நான் கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டேன். எத்தனை ஏக்கர்? எட்டு வள்ளம் சாமை விதைக்கிற காடு என்றார். அவர்களுக்கு நிலத்தின் அளவு என்பது அதில் எவ்வளவு விதை இறங்கும் என்பதுதான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பாசனம் எது என்பதற்குக் கிணறு, போர்வெல், வாய்க்கால் என்று மூன்று கட்டம், மழைக்குக் கட்டம் இல்லை. எந்தப் பயிர் என்ற இடத்தில் ஒரு கோடு, அவர் ஒரே காட்டில் கலந்து விதைப்பது ஐந்து வகை. ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன். சாமையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதும் அவர் நிமிர்ந்தார்.

“எவன் வுட்டான்?”

மத்தியானம் சாமைச் சோறு போட்டார்கள். அப்போதும் மகள் என்னோடு ரெண்டு வார்த்தைதான் பேசினாள். புறப்படும்போது அவர் ரோடு எப்போது வரும் என்று கேட்டார். இந்தத் தாள் எங்கேயும் போகாது, அன்றைக்குப் போட்ட கையெழுத்தும் எங்கேயும் போகவில்லை, நான் எழுதியது பொய் என்றேன்.

“மேல வர்ற அல்லாரும் அப்படித்தான் எழுதிக்கினு போறாங்க,” என்றார், கொடுவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டே. “ஆனா போர் போட்டுக் குடுத்த மொத ஆளு நீதான்.”

ஒரே ஒரு படிவம். ஒரு நாள் முழுதும் ஆனது. அதைத் திங்கட்கிழமை சார் மேசையில் வைத்து, போஸ்டரில் இருப்பதை எடுத்துவிடுங்கள், அது நான் இட்டுக்கட்டியது என்றேன். அவர் கத்துவார் என்று பயந்து போயிருந்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார்.

“ஒரு ஃபாரத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்றது? மத்ததெல்லாம் என்னா ஆவறது? நீ நல்லா எழுதற பொண்ணு. இப்ப இப்படித்தான் இருக்கும். நாலு வருசத்துல பழகிடும், போ.”

பழகிடும். அவர் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். பழகிவிடும் என்று எனக்கும் தெரியும். டீக்கடையில் இருபது படிவம் எழுதும்போதே எனக்குப் பாதி பழகிவிட்டிருந்தது. அவர் மேலே எனக்கு வந்த அருவருப்பைவிட என் கை மேலே எனக்கு வந்த அருவருப்பு ஜாஸ்தி.

அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் மூன்று நாள் என் பையிலேயே இருந்தது. மூன்று நாளும் நான் ஒன்றும் வீராங்கனையாக இல்லை. கொடுத்துவிடலாம், ஒரு வருடம் கிடைக்கும், அதற்கப்புறம் யாருக்கு என்ன என்றுதான் ராத்திரியும் பகலும் ஓடியது. நாலாம் நாள் ஹானர்ஸ் அறைக்குப் போனேன். போஸ்டர் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் நின்று யாரோ வெளியூர்ப் பெரிய மனிதருக்குச் சார் விளக்கிக்கொண்டிருந்தார், இங்கே பாருங்க, போர் இருந்தும் தண்ணிய எப்படிப் பயன்படுத்தறதுன்னு இவங்களுக்குத் தெரியல என்று. அந்தப் பெரிய மனிதர் உச்சுக்கொட்டினார். நான் அலுவலகத்துக்குப் போய், விருப்பமில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போர்வெல், கைநாட்டு, பூச்சாடி, ஒன்று விடவில்லை. அவர் கையைச் சோற்றிலேயே வைத்தபடி கேட்டார்.

“இதுக்கா? இதுக்குப் போயா வேணான்னுட்டு வந்த? நம்ம கூட்டுறவு பேங்குல பயிர்க் கடனுக்கு நான் எழுதிக் குடுக்கறதெல்லாம் இன்னா, சத்தியமா?” சோற்றைத் திரும்பப் பிசைந்துகொண்டே, “ஃபிளெக்ஸ் வெச்சாச்சேம்மா,” என்றார். அதுதான் அவருக்கு உண்மையில் வலித்தது.

கை கழுவிக்கொண்டு வந்ததும் போனை எடுத்தார். மாமாவுக்கு. “மச்சான், நாலு வருசம் இல்லியாம், மூணுலயே முடிஞ்சிருதாம். அடுத்த சித்திரையோட பரிச்ச முடியுது. வைகாசில நாளு பாத்துடு.” சோளம் விதைக்க நாள் சொல்வதுபோல் சொல்லி முடித்தார்.

அம்மா தட்டை எடுக்க வந்தார். எனக்கு அந்த ஒரு வருடம் எதற்கு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும் சொன்னதில்லை. அவர் குனிந்தபடியே என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஒரு வருசந்தானடி. கண்ண மூடிக்கினு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடம் போனதற்கா, அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கா, தெரியாது.

மூன்றாம் ஆண்டு முழுக்கத் தொட்டித் தண்ணீர்தான் குடித்தேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள், பேசினால் கிண்டல்தான். பஸ் நிறுத்தத்து ஃபிளெக்ஸ் ஆடிக் காற்றில் கிழிந்தது. அப்பா அதை அவிழ்த்து வந்து மாட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டார். கோட்டும் தொப்பியும் போட்ட நான் மழைக்கு எருமைகளைக் காத்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தடவிய கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். மணமகள் என்ற இடத்தில் என் பேர். பேருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. ஹானர்ஸ்.

“ப்பா, இன்னாப்பா இது?”

“இன்னா?”

“நான் ஹானர்ஸ் படிக்கல.”

“போட்டா இன்னா? மாப்ள வூட்டுக்காரங்க வந்து சர்டிபிகேட்டயா காட்டச் சொல்லப் போறாங்க? ஃபிளெக்ஸ்ல போட்டதத்தான போட்டுக்கீது.” அவர் நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் என்னைப் பார்த்தார். “படிச்சிருந்தாலும் இதத்தான போட்டிருப்போம்?”

எதை எழுத மாட்டேன் என்று அந்த ஒரு வருடத்தைத் தூக்கிக் கொடுத்தேனோ, அதை எனக்காக வேறு யாரோ எழுதி, மஞ்சள் தடவி, ஊர் முழுக்க விநியோகம் செய்யத் தயாராக வைத்திருந்தார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு பத்திரிகை கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள், போஸ்டரைப் படித்தாளே அதே மாதிரி. என் பேருக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“உனக்கும் போர் போட்டுட்டாங்களாடி?” என்றாள்.

பரீட்சை எழுதிய பேனா கையிலேயே இருந்தது. அவளிடமிருந்து பத்திரிகையை வாங்கி அந்த வார்த்தை மேல் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மற்றதையெல்லாம் அதற்குள் அப்பா கொடுத்து முடித்திருந்தார்.